அந்தக் காலத்து ரக்பி டூரில் 35 மேட்ச் எப்படி ஆடினார்கள்?

ஓரத்து விங்கர்:
நான் ரக்பி பார்க்க ஆரம்பித்தே நாலு வருஷம்தான். எனக்குத் தெரிந்த டூர் என்றால் ரெண்டு மூணு டெஸ்ட் (நாட்டுக்கு நாடு ஆடும் ஆட்டம்), அப்புறம் விமானம் ஏறி ஊருக்கு. நேற்று 1905-06 நியூசிலாந்து அணியைப் பற்றிப் படித்தால் 35 மேட்ச் என்று இருக்கிறது, அதில் டெஸ்ட் ஐந்தே ஐந்து. மீதி முப்பதும் யாரோடு? அந்தப் பழக்கம் ஏன் நின்றுபோனது?

மண்மேடு:
பெரும்பாலும் பிரிட்டனின் கவுண்டி (மாவட்டம் மாதிரி) அணிகள், கிளப்புகள். கப்பலிலேயே ஆறு வாரம் போனவர்கள் மூணு மேட்ச் ஆடிவிட்டா திரும்புவார்கள்? முதல் ஆட்டத்தில் டெவன் அணியை 55-4 என்று அடித்தார்கள். 35-ல் தோற்றது ஒன்றுதான், 1905 டிசம்பர் 16, கார்டிஃப், வேல்ஸ் 3-0. அந்த ஆட்டத்தில் நியூசிலாந்தின் பாப் டீன்ஸ் எதிரணிக் கோட்டில் பந்தைத் தரையில் வைத்து ட்ரை போட்டாரா இல்லையா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை, அதை இங்கே கிளப்பாதீர்கள்.

லிமெரிக் பைத்தியம்:
டெஸ்டை விட வாரநாள் ஆட்டங்கள்தான் டூரின் உயிர் என்பேன். 1978 அக்டோபர் 31, செவ்வாய்க்கிழமை, லிமெரிக் நகரத்துத் தோமண்ட் பார்க்கில் அயர்லாந்தின் மன்ஸ்டர் மாகாண அணி 12-0 என்று ஆல் பிளாக்ஸை, அதாவது நியூசிலாந்து அணியை, வீழ்த்தியது. கிறிஸ்டி கான்டிலன் ஒரு ட்ரை, மீதிப் புள்ளியெல்லாம் டோனி வார்டின் காலிலிருந்து வந்தது. நாலே நாளில் அதே நியூசிலாந்து டப்ளினில் அயர்லாந்தை 10-6 என்று ஜெயித்தது, அப்புறம் வேல்ஸ், இங்கிலாந்து, ஸ்காட்லாந்தையும் முடித்து, ஒரே டூரில் இந்த நாலு நாடுகளையும் ஜெயிக்கும் கிராண்ட் ஸ்லாமை முதல் முறையாக வாங்கியது. ஆனால் அந்த டூர் என்றதும் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது மன்ஸ்டர்தான்.

ரெண்டாம் வரிசை:
அது சரி, ஆனால் எதிரே ஆடியது ரிசர்வ் அணிதானே?

லிமெரிக் பைத்தியம்:
இல்லைங்க, கேப்டன் கிரஹாம் மௌரியே களத்தில் இருந்தார்.

ரெண்டாம் வரிசை:
சரி, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நின்றுபோனதற்குக் காரணம் பணமும் உடம்பும். 1995-ல் ஆட்டம் தொழில்முறை ஆனதும் வீரருக்குச் சம்பளம் கொடுப்பவர்கள் கையில் காலண்டர் போய்விட்டது. டூருக்காக நாட்டு அணிக்கு ஆளை விட்டாக வேண்டிய நாட்கள் ஜூலையில் கொஞ்சம், நவம்பரில் கொஞ்சம், அவ்வளவுதான். அதற்குள் செவ்வாய்க்கிழமை ஒரு மேட்ச் வைத்தால் சனிக்கிழமை டெஸ்டுக்கு யார் மிஞ்சுவார்கள்? மோதல் இப்போது ரொம்பக் கடுமை, பழைய கணக்கை இதில் போட முடியாது.

மண்மேடு:
முழுசாகச் சாகவில்லை. 2022-ல் அயர்லாந்து நியூசிலாந்து போனபோது மூணு டெஸ்டோடு அந்நாட்டுப் பூர்வகுடி மாவோரி வீரர்களின் அணியான மாவோரி ஆல் பிளாக்ஸுடனும் ரெண்டு ஆட்டம் ஆடியது. அதில் முதலாவதில் 32-17 என்று அடி வாங்கி, ரெண்டாவதை 30-24 என்று ஜெயித்தார்கள். டெஸ்ட் தொடர் 2-1, அந்த மண்ணில் அவர்களுக்கு அதுதான் முதல் தொடர் வெற்றி. அதே வருஷம் நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் இரண்டாம் அணியை மன்ஸ்டர் 28-14 என்று கவிழ்த்தது, அயர்லாந்தின் கார்க் நகரில்.

ஓரத்து விங்கர்:
மறுபடியும் மன்ஸ்டரா! முழு 1978 ஆட்டத்தையும் தேடிப் பார்க்கிறேன். டீன்ஸ் விஷயம் மட்டும் ஒரே வரியில், ட்ரையா இல்லையா?

மண்மேடு:
ட்ரைதான்.

ரெண்டாம் வரிசை:
இல்லவே இல்லை.