நாகப்பட்டினம் சூடாமணி விகாரம்: போனால் பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

கேட்டவர்: பெரம்பூர் அப்பா
அடுத்த மாதம் நாகூர் தர்காவுக்கு ஒரு நேர்த்திக்கடனுக்காகப் போகிறோம். எட்டாவது படிக்கும் மகள் நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்தையும் பார்த்தே ஆகவேண்டும் என்கிறாள். மேப்பில் தேடினால் சரியாக ஒன்றும் வரவில்லை. ஒரு சுவராவது நிற்கிறதா? உள்ளூர்க்காரர்கள் சொல்லுங்கள்.

வெளிப்பாளையத்தான்
நான் அந்த மண்ணிலேயே பிறந்தவன். சுவர் இல்லை. கப்பல்காரர்கள் கரையை அடையாளம் கண்டுகொள்ள உதவிய ஒரு செங்கல் கோபுரம் 1867 வரை நின்றது. வெள்ளைக்காரர்களுக்கு அது சீனக் கோபுரம், ஊர் மக்களுக்குப் புதுவெளிக் கோபுரம். விகாரத்தின் மிச்சம் அதுதான் என்கிறார்கள். 1846-இல் பார்த்த மதராஸ் அரசு அதிகாரி வால்டர் எலியட் எழுதியிருக்கிறார்: மூன்று நிலை, சாந்தே பூசாமல் நெருக்கி அடுக்கிய செங்கல், மேலே கூரை இல்லை. போகிற வண்டியும் மாடும் உரசி உரசி அடிப்பக்க மூலைகள் தேய்ந்திருந்தனவாம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். மாடு உரசியும் விழாமல் நின்ற கோபுரம்!

கல்லூரி கட்டச் செங்கல் வேண்டும் என்று யேசு சபையினர் கேட்டார்கள். முதலில் கிடைக்காத அனுமதி 1867-இல் கிடைத்தது. இடித்தார்கள். கல்லூரியும் 1883-இல் திருச்சிக்குப் போய்விட்டது.

ஆனால் மண்ணுக்குள் இருந்தது வேறு கதை. 1856-இல் ஒரு பெரிய இலுப்பை மரத்தை வெட்டியபோது அடியில் புத்தர் சிலைகள் கிடைத்தன. அப்புறம் வெளிப்பாளையத்திலும் நாணயக்காரத் தெருவிலுமாக 1930-கள் வரை கிடைத்தவற்றையும் சேர்த்தால் சுமார் 350. கொல்லையில் கிணறு வெட்டினால் எங்கள் ஆத்தா ஒவ்வொரு கூடை மண்ணையும் கையால் துழாவிப் பார்த்துத்தான் கொட்டவிடுவார்.

வெண்கலப்பித்தன்
பெரம்பூரிலா இருக்கிறீர்கள்? அப்படியானால் முதலில் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. நாகப்பட்டினத்துப் புத்தர்கள் பலர் அங்கேதான். தலை உச்சியில் தீச்சுடர் எழுவதைக் காட்டுங்கள், குழந்தை மறக்காது. எங்கள் ஊர் ஐம்பொன் ஸ்தபதியின் கை அந்தச் சுடரில் தெரியும். சில சிலைகள் லண்டன், நியூயார்க் வரை போய்விட்டன.

கீழ்வேளூர் வாத்தியார்
ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஊரே மிச்சம் இருக்கிறது. சுமத்ராப் பக்கத்து ஸ்ரீவிஜய மன்னர் மாறவிசயோத்துங்கவர்மர் தம் தந்தை சூளாமணிவர்மர் பெயரில் எடுப்பித்த விகாரம் இது. அதற்கு முதலாம் இராசராசன் கொடுத்த ஊர் ஆனைமங்கலம். ஆண்டுக்கு 8900 கலத்துக்கு மேல் நெல் வருவாய்! இந்தக் கொடையைச் சொல்லும், இராசேந்திரன் முத்திரை வளையத்தில் கோத்த 21 செப்பேடுகள் நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போய்ச் சேர்ந்ததால் அவற்றுக்கு லெய்டன் செப்பேடு என்றே பெயர் ஆகிவிட்டது. ஆனைமங்கலம் எங்கள் கீழ்வேளூர்ப் பக்கம்தான், அதே பெயரில். அறுவடைக்கு முன்னால் வாருங்கள், அந்த வயலைப் பார்க்கலாம்.

பெரம்பூர் அப்பா
எல்லோருக்கும் நன்றி. சிலைகள் இவ்வளவு பக்கத்தில் இருப்பது தெரியாமலே இத்தனை வருடம் எழும்பூரில் ரயில் ஏறியிருக்கிறேன். இந்த ஞாயிறு மகளோடு போகிறேன். வாத்தியார் ஐயா, கீழ்வேளூரில் இறங்கினால் ஆனைமங்கலத்துக்கு ஆட்டோ கிடைக்குமா?