இருட்டுக்காலத்தில நித்திரை குழம்பீட்டுது – வெளிச்ச விளக்கு வாங்கலாமோ?

நல்லூரடி

வணக்கம். ஆகஸ்டிலதான் யாழ்ப்பாணத்தில இருந்து நோர்வேயின்ர வடக்கில இருக்கிற த்ரொம்சோவுக்கு வந்தனான். கணவருக்கு இங்க பல்கலைக்கழகத்தில வேலை. நான் காலமை நோர்வேஜிய வகுப்புக்குப் போறன். வந்த புதுசில இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம், புதினமா இருந்தது. இப்ப நவம்பர் முடியுது, சூரியனைக் காணேல்லை.

இரவு ரெண்டு மணி வரைக்கும் முழிச்சபடி கிடக்கிறன். காலமை ஏழு மணிக்கு எழும்ப உடம்பெல்லாம் கனக்குது. ரீச்சர் சொல்லுறது காதில விழுது, மண்டைக்குள்ள ஏறேல்லை. பின்னேரம் வந்து சாய்ஞ்சா ஆறு மணி வரைக்கும் நித்திரை. வாய் எந்த நேரமும் இனிப்புத் தேடுது. கவலை, அழுகை எண்டு பெரிசா ஒண்டுமில்லை.

கடையில 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) எண்டு போட்ட விளக்கு ஒண்டு பாத்தனான், விலை கூட. அதால பிரயோசனம் இருக்கோ? இல்லாட்டி விற்றமின் டி குளிசை காணுமோ? இங்க கனகாலம் இருக்கிற ஆக்கள் சொல்லுங்கோ.

பின்மார்க் அக்கா

தங்கச்சி, பயப்பிடாதேங்கோ. என்ர முதல் குளிர்காலமும் இப்பிடித்தான். எண்பதுகளின்ர கடைசியில படிக்க எண்டு வந்து, பிறகு நோர்வேயின்ர வடக்குக் கோடியில இருக்கிற பின்மார்க்கில மீன் பக்டரிக்குப் போன ஆக்களில நானும் ஒருத்தி. அங்க எங்கட ஆக்கள் கனபேர். ஃபிலே வெட்டுற மேசைக்கு மேல ரியூப் லைற், பக்கத்தில ஒரு யன்னல் கிடையாது. இருட்டில உள்ளுக்குப் போனா இருட்டிலதான் வெளியில வாறது. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு நேரத்துக்குப் படுத்து எழும்புவம். அதை ஊர் நினைப்பு எண்டுதான் எல்லாரும் சொல்லிச்சினம். ஊர் நினைப்பும் இருந்ததுதான். ஆனா வெளிச்சம் இல்லாததும் ஒரு காரணம் எண்டு எங்களுக்குச் சொல்ல அப்ப ஆள் இல்லை.

எங்கட உடம்புக்குள்ள இருக்கிற மணிக்கூட்டுக்கு ஒரு நாள் எண்டுறது 24 மணித்தியாலத்தை விடக் கொஞ்சம் கூட. ஒவ்வொரு நாளும் காலமை வெளிச்சம் கண்ணில பட்டாத்தான் அது சரியான நேரத்துக்குத் திரும்பும். படாட்டி நாளுக்கு நாள் பிந்திப் போகும். உங்களுக்கு ரெண்டு மணிக்கு நித்திரை வாறது அதாலதான் எண்டு நினைக்கிறன். யாழ்ப்பாணத்தில வருசத்தின்ர நீண்ட பகலுக்கும் குறுகின பகலுக்கும் ஒரு மணித்தியாலச் சொச்சம்தான் வித்தியாசம். இங்க உங்கட ஊரில நவம்பர் 27 அளவில போற சூரியன் ஜனவரி நடுப்பகுதி வரைக்கும் அடிவானத்துக்கு மேல வராது.

கண்ணுக்குள்ள பின்பக்கத்தில இருக்கிற விழித்திரையில, பாக்கிறதுக்கு இல்லாமல் வெளிச்சத்தை அளக்கிறதுக்கெண்டே ஒரு வகைக் கலங்கள் இருக்கு. 2002 இலதான் அதுகள் தாங்களாகவே வெளிச்சத்தை உணருது எண்டு விஞ்ஞானிகள் காட்டிச்சினம். நீலம் கலந்த வெளிச்சத்துக்குத்தான் அதுகள் கூட அசையும். அந்தச் செய்தி நேர மூளையின்ர மணிக்கூட்டுக்குப் போகும். அதாலதான் பின்னேரம் மஞ்சள் லைற், காலமை வெள்ளை லைற் எண்டு நான் வீட்டில வைச்சிருக்கிறன்.

இப்ப நான் முதியோர் இல்லத்தில வேலை. மறதி வருத்தம் உள்ளவையைக் காலமைச் சாப்பாட்டோட வெளிச்சமான பக்கத்தில இருத்தினா, இரவில எழும்பி நடக்கிறது குறையுது. இது நான் கண்ணால கண்டது. நெதர்லாந்தில 12 இல்லங்களில 189 பேரை வைச்சு இதைப் பெரிசாவே பாத்திருக்கினம், 2008 இல வெளிவந்தது. பகல் முழுக்க 1000 லக்ஸ் அளவுக்குக் கூடத்தில வெளிச்சம் குடுத்த இடங்களில மனச்சோர்வும் மறதியும் கொஞ்சம் குறைவா இருந்ததாம். கொஞ்சம்தான், ஆனா எங்கட அம்மாமாருக்கு அந்தக் கொஞ்சமும் பெரிசு.

விளக்கு வாங்குங்கோ. காலமை அரை மணித்தியாலம் அதுக்கு முன்னால இருந்து சாப்பிடுங்கோ, வாசியுங்கோ. அதை உத்துப் பாக்கத் தேவையில்லை. எவ்வளவு தூரத்தில வைக்கிறது எண்டு பெட்டியில போட்டிருக்கும், தள்ளி வைச்சா அந்த 10,000 கிடையாது. கண்ணில வருத்தம் இருந்தா, அல்லது மனம் ஒருக்கா உச்சத்துக்கும் ஒருக்காப் பாதாளத்துக்கும் போற வருத்தம் இருந்தா, முதல் டொக்டரைக் கேளுங்கோ.

பனங்கூடல்

நான் இருபது வருசத்துக்கு மேல இங்க வடக்கில ஹார்ஸ்ராட்டில இருக்கிறன், இந்த விளக்கு ஒண்டும் வைச்சதில்லை. மத்தியானம் வெளியில நடந்தாலே காணும். எல்லாம் மனம்தான் தங்கச்சி.

பின்மார்க் அக்கா

அண்ணை, உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லை எண்டா சந்தோசம். ஆளுக்கு ஆள் இது சரியா வித்தியாசப்படும். த்ரொம்சோவில ஆக்களைக் கேட்டுப் பாத்ததிலயும் குளிர்காலத்தில மனச்சோர்வு பெரிசாக் கூடேல்லை, நித்திரைக் கரைச்சல்தான் கூடினது. அவவும் அதைத்தானே சொல்லுறா.

நடக்கிறது நல்லம், நானும் நடக்கிறனான். ஆனா டிசம்பர் நடுப்பகுதியில மத்தியானம் தெரியிற அந்த நீல வெளிச்சம் அளவில வீட்டு விளக்கை விடக் கூட வராது. ஊரில முகில் மூடின நாளிலயும் முற்றத்தில பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். இங்க அப்ப அது கிடையாது. ஜனவரி 21 அளவில த்ரொம்சோவில மலைக்கு மேலால சூரியன் எட்டிப் பாக்கும், எல்லாரும் சூல்பொல்லெ பணிஸ் வாங்கிச் சாப்பிடுவினம். அதுக்குப் பிறகு உங்கட நடை முழுப் பலன் தரும். அதுவரைக்கும் ரெண்டும் வேணும்.

குளிசை

அக்கா, நான் ஒஸ்லோவில மருந்துக்கடையில வேலை செய்யிறன். விளக்கையும் விற்றமின் டியையும் கலக்காதேங்கோ. வெளிச்ச விளக்கு விற்றமின் டி தராது. அதுக்குத் தோலில புற ஊதா பி கதிர் படவேணும், இந்த விளக்குகளில அதை வடிகட்டி விடுறவை. யன்னல் கண்ணாடியும் அதை உள்ளுக்கு விடாது. அங்க வடக்கில ஒக்ரோபரில இருந்து மார்ச் வரைக்கும் வெளியில நிண்டாலும் தோல் விற்றமின் டி செய்யாது. எங்கட நிறத் தோலுக்குக் கோடையிலயும் கூட நேரம் வேணும். நோர்வேயில இருக்கிற இலங்கையரை இலங்கையில இருக்கிறவையோட ஒப்பிட்டுப் பாத்த ஆய்வில, இங்க இருக்கிறவைக்குத்தான் நல்லாக் குறைவு.

ஒரு நாளைக்கு 10 மைக்ரோகிராம் காணும். ஒரு தேக்கரண்டி த்ரானில, அதான் மீன் ஈரல் எண்ணெயில, அவ்வளவு இருக்கு. குடும்ப டொக்டரிட்டைச் சொல்லி இரத்தத்தில அளந்து பாருங்கோ, 50 நனோமோலுக்குக் கீழ எண்டா அவர் கூட்டித் தருவார். உடம்புக் கனத்துக்கு இரும்புச்சத்தையும் தைரொயிட்டையும் ஒருக்காப் பாக்கச் சொல்லுங்கோ. எல்லாத்தையும் இருட்டின்ர தலையில கட்டக் கூடாது.

நல்லூரடி

எல்லாருக்கும் நன்றி. விளக்கு வாங்கியாச்சு, டொக்டருக்கும் நேரம் எடுத்திட்டன். வகுப்புக்கு வெளிக்கிட முதல் ஆறரைக்கே விளக்கைப் போடட்டோ?

பின்மார்க் அக்கா

சனி, ஞாயிறு அலாரம் இல்லாமல் எத்தினை மணிக்கு எழும்புறீங்கள்?

நல்லூரடி

பத்து மணி அளவில.

பின்மார்க் அக்கா

அப்ப ஆறரை வேண்டாம். உங்கட உடம்புக்கு அது இன்னும் நடு இரவு, அந்த நேரத்து வெளிச்சம் மணிக்கூட்டை இன்னும் பிந்த வைக்கலாம். இந்தச் சனிக்கிழமை ஒன்பதரைக்குத் தொடங்குங்கோ, பிறகு ரெண்டு நாளைக்கு ஒருக்கா அரை மணித்தியாலம் முன்னுக்குக் கொண்டு வாங்கோ. வகுப்பு நாளில இடைவேளைக்குக் கொண்டு போய் வைக்கலாமோ எண்டு ரீச்சரைக் கேளுங்கோ, இங்க அதை ஒருத்தரும் வித்தியாசமா நினைக்க மாட்டினம். பின்னேர நித்திரையை இருபது நிமிசத்தோட நிப்பாட்டுங்கோ, இரவு எட்டு மணிக்குப் பிறகு குசினி லைற்றைக் குறையுங்கோ. விளக்குப் போடுற நேரம் ஏழு மணிக்கு வந்து சேர்ந்த உடன எழுதுங்கோ. மே மாசத்தில சூரியன் மறையாமல் நிக்கேக்க படுக்கை அறைக்கு என்ன திரை போடுறது எண்டு அப்ப சொல்லுறன்.