மறு: தரவுத்தள வழங்கியின் ‘லாக்’ கோப்பு, சொல் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.
போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் கையேட்டுத் தமிழாக்கத்தை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். வழங்கி (சர்வர்) தன் இயக்கத்தில் நிகழ்வதைக் குறித்துவைக்கும் ‘லாக்’ கோப்புகளின் அடைவைச் (கோப்புறையை) சுட்டும் ‘லாக்_டைரக்டரி’ என்ற இடத்தில் நிற்கிறேன். “வழங்கி பதிவுகளை எழுதும் அடைவு” என்று எழுதினால், தரவே அங்கேதான் இருக்கிறது என்று படிப்பவர் எண்ணிவிடுவார். அட்டவணையின் வரிசையையும் ‘பதிவு’ என்றே சொல்லி வந்திருக்கிறோம்.

* * *

‘பதிகை’ போதும். “தல், அல், அம், ஐ, கை” என்று நன்னூல் அடுக்கும் தொழிற்பெயர் விகுதிகளில் ‘கை’ இருக்கிறது. செய்கை, வருகை, பதிகை.

* * *

‘பதிகை’ என்றால் என் மாணவர்கள் தேவாரப் பதிகத்தைத் தேடுவார்கள், ஐயா. ‘லாக்’ என்றே எழுதிவிடலாமே, எல்லோருக்கும் விளங்கும்.

* * *

விளங்காது. பூட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் தமிழில் எழுதினால் ‘லாக்’தான். போஸ்ட்கிரெஸில் ‘லாக்_லாக்_வெயிட்ஸ்’ என்றே ஓர் அமைப்பு இருக்கிறது. எந்த லாக் எது என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

சோழர் கல்வெட்டுகளில் வரிப்பொத்தகம், பட்டோலை, வரியிலிடு என்று அலுவலர் பெயர்களே வருகின்றன. ஒரு நிகழ்வை ஒரு வரியில் இடுவது ‘வரியிலிடு’. கப்பலின் வேகத்தை அளக்கக் கயிற்றில் கட்டிக் கடலில் எறிந்த மரக்கட்டைதான் ‘லாக்’ கோப்பு என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு மூலம். அவர்களுக்குக் கட்டை போதுமென்றால் நமக்கு ஓலை போதாதா?

* * *

அந்த ‘வரி’ அரசுக்குக் கட்டும் இறை, எழுத்து வரி அன்று. சோழர் வரித்துறையான புரவுவரித் திணைக்களத்தை வழங்கிக்குள் குடியேற்ற வேண்டாம்.

தரவுத்தளம் பராமரிப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பழைய பதிப்புகளில் ‘பிஜி_எக்ஸ்லாக்’ என்ற அடைவு இருந்தது. மீட்புக்கு உயிரான கோப்புகள் அதில் இருந்தன. ‘ஏதோ லாக்தானே’ என்று அழித்துத் தரவையே இழந்தவர்கள் உண்டு. அதனால்தான் 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் அது ‘பிஜி_வால்’ ஆயிற்று. ஆகவே அந்த மீட்புக் கோப்புகளுக்கு ‘முன்னெழுது ஏடு’, நீங்கள் கேட்ட ‘லாக்’ கோப்புக்குக் ‘குறிப்பேடு’ என்று பிரித்துவிடுங்கள்.

* * *

நன்றி. இப்படி எழுதியிருக்கிறேன்: “குறிப்பேட்டு அடைவு: முழுப் பாதை தரலாம், தராவிட்டால் தரவு அடைவுக்குள் அமையும். மாற்றியபின் அமைவுக் கோப்பை மறுபடி ஏற்றினால் போதும். குறிப்புச் சேகரிப்பியை இயக்கவோ நிறுத்தவோ வழங்கியை மீளத் தொடங்க வேண்டும்.” மூவர் சரி என்கிறார்கள், அனுப்பிவிடுகிறேன்.

* * *

குறிப்பேடு கடையில் விற்கும் நோட்டு. நான் ‘பதிகை’ என்றே எழுதுவேன்.

* * *

இறை, வரி வேறுபாடு பற்றிக் கல்வெட்டுச் சான்றுகளுடன் நாளை தனி மடல் இடுகிறேன்.