2015, 2018: இந்தப் பழைய பாட்டை எப்போது நிறுத்தப் போகிறோம்?

நீலச்சட்டை:
ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்தில் ஆடும் நம் 'சென்னையின் எஃப்சி' தோற்கும் ஒவ்வொரு முறையும் இந்த ரசிகர் குழுவில் ஒரு சடங்கு நடக்கிறது. முதல் அரை மணி நேரம் பயிற்சியாளருக்குத் திட்டு. பிறகு யாராவது ஒருவர், 2015 கோப்பையை வாங்கித் தந்த மெண்டோசாவின் கோலைத் தூக்கிப் போடுவார். உடனே எல்லோரும் நெகிழ்ந்துபோய், "அதெல்லாம் ஒரு காலம்" என்று பெருமூச்சு விட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுகிறோம். கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்பதில்லை.

2020-21, 2021-22, 2022-23 என்று வரிசையாக மூன்று சீசன்கள் எட்டாம் இடம். 2023-24இல் எப்படியோ ஆறாவதாக வந்து, லீக் சுற்றுக்குப் பிறகு கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபில் கோவாவிடம் தோற்றோம். 2024-25இல் 13 அணிகளில் பதினோராவது. 2015, 2018 ஐஎஸ்எல் கோப்பைகள் இரண்டும் நம் கையில் இல்லாமல் இருந்திருந்தால், இந்தப் பட்டியலைப் பார்த்து நமக்கு எவ்வளவு கோபம் வந்திருக்கும்? 2015உம் 2018உம் இன்று நிர்வாகத்துக்குக் கேடயம். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது நாம்தான்.

பி ஸ்டாண்டு பழனி:
தம்பி, கோபம் நியாயம். ஆனால் 2015ஐ வெறும் கேடயம் என்று சொல்ல உங்களுக்கு மனம் வருகிறதே, அதுதான் எனக்கு ஆச்சரியம். அந்த டிசம்பரில் ஊர் எப்படி இருந்தது என்று நினைவிருக்கிறதா? வெள்ளம் வடிந்து, நனைந்த மெத்தைகளை மொட்டைமாடியில் காயப்போட்டிருந்த வாரம். நேரு ஸ்டேடியத்தில் நடக்க வேண்டிய அரையிறுதியைப் புனேவுக்குக் கொண்டுபோனார்கள். நம் சொந்த ஊர் ஆட்டத்தை நாமே டிவியில்தான் பார்த்தோம். பாலேவாடியில் கொல்கத்தாவை 3-0 என்று அடித்தார்கள். அன்று எங்கள் தெருவில் மின்சாரம் வந்த வீடு ஒன்றே ஒன்றுதான். அந்தக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை.

நவம்பரில் பட்டியலின் அடியில் கிடந்த அணி அது. கடைசி ஆட்டங்களை அடுத்தடுத்து வென்று மேலே வந்தார்கள். கோவாவின் ஃபடோர்டா மைதானத்தில் நடந்த இறுதிப்போட்டியில் 87ஆவது நிமிடம் ஜோஃப்ரே கோல் போட்டு கோவா 2-1 என்று முன்னிலை பெற்றதும், என் மைத்துனன் டிவியை அணைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். 90ஆவது நிமிடம் கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் சேம்சைடு கோல். 90 நிமிடம் முடிந்து சேர்த்த நேரத்தின் இரண்டாவது நிமிடம் மெண்டோசா. பக்கத்து வீட்டுக் கூச்சலைக் கேட்டுத்தான் அவனுக்கே விஷயம் தெரிந்தது. இதை நான் ஏன் மறக்க வேண்டும்?

புள்ளிப்பட்டியல்:
மறக்க வேண்டாம் ஐயா, முழுதாக நினைவு வைத்துக்கொண்டால் போதும்.

2015இல் லீக்கில் நாம் மூன்றாம் இடம். மொத்தம் எட்டு அணிகள், 14 லீக் ஆட்டங்கள். அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிந்த போட்டி அது. களத்தில் ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டு வீரர்கள் ஆடலாம் என்ற விதி. நல்ல ஒரு மெண்டோசாவும் (13 கோல்கள்), ஒரு எலானோவும் கிடைத்துவிட்டால், ஒரு மாதம் சூடு பிடித்தாலே கோப்பை. 2018இல் லீக் முடிவில் பெங்களூருவுக்கு 40 புள்ளிகள், நமக்கு 32. எட்டுப் புள்ளி பின்னால் நின்ற அணி ஒரே இரவில் சாம்பியன் ஆனது.

லீக்கில் நாம் முதலிடம் பிடித்த ஆண்டு 2014. அந்த ஆண்டு கோப்பை இல்லை. அரையிறுதியில் கொச்சியில் 0-3 என்று தோற்று, சென்னையில் அந்த மூன்றையும் திருப்பி அடித்து, கூடுதல் ஆட்டநேரத்தில் கேரளாவின் பியர்சன் அடித்த கோலில் மாட்டிக்கொண்டோம். உண்மையில் நம் மிகச் சீரான அணி அதுதான். அதைப் பற்றி இங்கே ஒரு பதிவு உண்டா? கோப்பை படம் இல்லாததால் அந்த ஆண்டையே யாருக்கும் நினைவில்லை.

பி ஸ்டாண்டு பழனி:
விதி எல்லோருக்கும் ஒன்றுதானே? ஆறு வெளிநாட்டவர் என்றால் கோவாவுக்கும் ஆறு, கொல்கத்தாவுக்கும் ஆறு. எட்டுப் புள்ளி முன்னால் நின்ற பெங்களூரு, தன் சொந்த மைதானத்தில், ஒன்பதாவது நிமிடமே சேத்ரியின் கோலோடு ஆரம்பித்த ஆட்டம் அது. அங்கிருந்து 3-2 என்று வென்றது "ஒரே இரவு" என்றால், அப்படி ஓர் இரவை இந்தப் பத்தாண்டில் இன்னொரு முறை காட்டுங்கள், பார்க்கலாம்.

புள்ளிப்பட்டியல்:
காட்ட முடியாது என்பதுதானே என் வாதமே.

வியாசர்பாடி வாசகன்:
இரண்டு பேரும் கோப்பைக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டே இருங்கள். 2018ஐ நான் நினைப்பதற்குக் காரணம் வேறு.

அந்த ஆண்டு அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம், மார்ச் 13, நேரு ஸ்டேடியம், எதிரணி கோவா. முதல் ஆட்டம் 1-1. ஜேஜே ஒரு கோல் அடித்தார். மூன்று நிமிடம்தான், அடுத்த கோல் தன்பால் கணேஷ். எங்கள் வியாசர்பாடிப் பையன். ஜேஜே கடைசியில் இன்னொன்று போட்டு 3-0 ஆனது. நாலே நாளில் பெங்களூருவில் இறுதிப்போட்டி. அதிலும் கணேஷ் நடுக்களத்தில் ஆடினார். மாய்ல்சனின் இரண்டு தலைமுட்டு கோல்களைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். நடுவில் பந்தைப் பறித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தவரைக் காணொளியில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எங்கள் பகுதியில் பொடியன்கள் கால்பந்து ஆடுவது புதிதல்ல. ஆனால் "சென்னை" என்று பெயர் வைத்துக்கொண்ட அணி கோப்பை வாங்கும்போது, நம் தெருக்காரன் ஒருவன் அதில் ஆடுகிறான் என்பது புதிது. அடுத்த சீசனை அவருடைய முழங்கால் காயம் விழுங்கிவிட்டது. எனக்கு அந்த ஆண்டு அவர் முகமாகத்தான் நினைவில் இருக்கிறது. இதில் நிர்வாகத்துக்கு நான் எந்தக் கேடயமும் பிடிக்கவில்லை, நீலச்சட்டை.

நீலச்சட்டை:
நீங்கள் சொன்னது எனக்குச் சாதகமாகத்தானே இருக்கிறது? கணேஷ் காயத்தில் விழுந்த அடுத்த சீசனில் என்ன ஆனது? நடப்புச் சாம்பியன் 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, ஒன்பது புள்ளி, கடைசி இடம். கோப்பை வாங்கிய அணி ஓராண்டுக்குள் அடிமட்டத்துக்குப் போகிறது என்றால், அந்தக் கோப்பைக்கு அடியில் எதுவுமே கட்டப்படவில்லை என்றுதான் அர்த்தம். அந்த வெற்றியின் பலனாகக் கிடைத்த 2019 ஏஎஃப்சி கோப்பை ஆட்டங்களையாவது சென்னையில் பார்த்தோமா? நம் "உள்ளூர்" ஆட்டங்கள் அகமதாபாத்தில் நடந்தன! ஆசியப் போட்டி நம் கிளப்புக்கு வந்தும் நம் ஊருக்கு வரவில்லை. இதை யாரும் காணொளியாகப் பகிர்வதில்லை.

கோவைக்காரன்:
சென்னைக்காரர்களின் சண்டையில் நுழைவதற்கு மன்னிக்கவும். தமிழ்நாட்டுக் கால்பந்தின் பொற்காலமே இதுதான் என்பதுபோல இந்தத் திரியில் இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், ஐஎஸ்எல் போக இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்கின் 2018-19 சீசனை ஒருவர்கூடச் சொல்லவில்லை. நீங்கள் ஒன்பது புள்ளியோடு கடைசி இடத்தில் கிடந்த அதே சீசன்தான் அது.

சென்னை சிட்டி எஃப்சி. பெயரில் சென்னை, ஆட்டமெல்லாம் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில். கடைசி நாள், 2019 மார்ச் 9. மினர்வா பஞ்சாபுக்கு எதிராக முதலில் கோல் வாங்கிவிட்டோம். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. ஸ்டாண்டில் பாதிப் பேர் களத்தைப் பார்க்கிறார்கள், பாதிப் பேர் செல்போனைப் பார்க்கிறார்கள். மான்சியின் பெனால்டி, பிறகு கௌரவ் போராவின் இரண்டு கோல்கள். 3-1. ஈஸ்ட் பெங்காலும் வென்றது. ஒரே ஒரு புள்ளியில் நாங்கள் சாம்பியன். பிளேஆஃப் கிடையாது, இறுதிப்போட்டி கிடையாது. சீசன் முழுக்க ஆடி வாங்கிய லீக் பட்டம்.

அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியது. கோவை ஐரோப்பாவோடு கைகோத்துவிட்டது என்று நாங்கள் மார் தட்டினோம். 2020-21க்குப் பிறகு தேசிய லீக்கில் அந்தப் பெயரே இல்லை. உங்களுக்குத் திட்டுவதற்காவது ஒரு கிளப் இருக்கிறது. எனக்கு அந்தச் சட்டை மட்டும் இருக்கிறது. பழையதைப் பேசாதே என்று என்னிடம் சொன்னால் நான் எதைப் பேசுவது?

புள்ளிப்பட்டியல்:
கோவை நண்பரே, லீக் பட்டம்தான் உண்மையான பட்டம் என்பதில் உங்கள் பக்கம் நான். ஆனால் ஒன்று. பெத்ரோ மான்சி 21 கோல், நெஸ்தோர், சாந்த்ரோ, எஸ்லாவா... ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள் தூக்கி நிறுத்திய அணி அதுவும். அதை மண்ணின் மைந்தர் கதையாக்க வேண்டாம்.

கோவைக்காரன்:
நான் எங்கே ஆக்கினேன்? இருந்தாலும் கேட்டீர்கள் என்பதால்: எட்வின், ரோமாரியோ ஜேசுராஜ், அஜித் குமார், ரெஜின். இவர்கள் அந்த அணியில் பெஞ்சைத் தேய்க்கவில்லை, ஆடினார்கள். அடுத்த சீசனில் எட்வினை அழைத்துக்கொண்டதே நீங்கள்தான். ஸ்பெயின்காரர்களுக்குப் பக்கத்தில் நின்று ஆடித்தான் இவர்கள் ஐஎஸ்எல் அணிகளின் கண்ணில் பட்டார்கள்.

தூத்தூர்க் கடல்:
ரெஜினின் அண்ணன் சூசைராஜைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கன்னியாகுமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறைக்காரர். 2017-18இல் சென்னை சிட்டியில் ஆடிவிட்டு ஜாம்ஷெட்பூர் போனார், அங்கிருந்து கொல்கத்தாவின் ஏடிகே. 2020 இறுதிப்போட்டியில் நம்மை 3-1 என்று வென்று கோப்பை வாங்கிய ஏடிகே அணியில் அவர் இருந்தார். எங்கள் கடற்கரைக் கிராமங்களில் அன்று யாருக்குக் கைதட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? சென்னைக்கு என்று சொன்னால் பொய்.

பி ஸ்டாண்டு பழனி:
2020ஐ எடுத்தீர்கள், நல்லது. எனக்கு அதுவும் பொற்காலக் கணக்கில்தான் வரும். மோசமான தொடக்கம், பயிற்சியாளர் கிரெகரி விலகல், 2019 டிசம்பரில் அவர் இடத்துக்கு ஓவன் கோயல் வருகை. அதன் பிறகு அந்த அணி ஆடிய ஆட்டம், கோப்பை வாங்கிய இரண்டு அணிகளும் ஆடாத ஆட்டம். வால்ஸ்கிஸ் 15 கோல். அரையிறுதியில் கோவாவை இங்கே 4-1 என்று அடித்து, அங்கே 2-4 என்று உதை வாங்கி, மொத்தத்தில் 6-5 என்று தப்பித்தோம். இறுதிப்போட்டியைக் கொரோனாவால் காலி மைதானத்தில் நடத்தினார்கள். தோற்றோம். புள்ளிப்பட்டியல் ஐயா, கோப்பை இல்லாததை நாங்கள் நினைப்பதில்லை என்றீர்களே. நான் நினைக்கிறேன்.

நீலச்சட்டை:
அடுத்த சீசனில் கோயலும் வால்ஸ்கிஸும் எங்கே போனார்கள், அண்ணா? இருவரும் ஜாம்ஷெட்பூருக்கு. 2021-22இல் அந்த ஜாம்ஷெட்பூரை லீக்கில் முதலிடத்துக்குக் கொண்டுவந்து ஷீல்டு வாங்கிக் கொடுத்தவரும் அதே கோயல்தான். நாம் எட்டாவது. உங்கள் மூன்று பொற்காலத்துக்கும் ஒரே வால்: 2015க்குப் பிறகு 2016இல் ஏழாவது, 2018க்குப் பிறகு கடைசி, 2020க்குப் பிறகு எட்டாவது. ஒவ்வொரு முறையும் யாரோ நன்றாகச் செய்கிறார்கள், ஒவ்வொரு முறையும் அடுத்த ஆண்டு அடியிலிருந்து தொடங்குகிறோம். 2016 முதல் இங்கேயே வளர்ந்த அனிருத் தாபாவும் 2023இல் மோகன் பகானுக்குப் போய்விட்டார். நினைவஞ்சலிப் பதிவு போட்டு வழியனுப்பினோம்.

பி ஸ்டாண்டு பழனி:
சரி, கட்டவில்லை என்பது உண்மை. ஆனால் கட்டவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? 2015ஐயும் 2018ஐயும் 2020ஐயும் பார்த்ததால். இந்த அணியால் என்ன முடியும் என்று தெரிந்ததால்தான் எட்டாம் இடத்தைப் பார்த்து எரிச்சல் வருகிறது. நேற்று வந்து சேர்ந்த ரசிகனுக்கு எட்டாம் இடம் என்பது வெறும் எட்டாம் இடம். நீங்கள் கேடயம் என்கிறீர்கள், எனக்கு அது அளவுகோல்.

நீலச்சட்டை:
அளவுகோலாகப் பிடித்தால் நானும் பக்கத்தில் நிற்கிறேன். நீங்கள் எல்லோரும் அதை மாலை போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறீர்கள். லீக்கை நடத்தும் ஒப்பந்தப் பிரச்சினையில் ஐஎஸ்எல்லே நடக்குமா என்று தெரியாமல் 2025இன் கடைசி மாதங்கள் ஓடினபோதுகூட, நம் குழுவில் அதிகம் பகிரப்பட்டது எது? மெண்டோசா!

வியாசர்பாடி வாசகன்:
அதைப் பகிர்ந்தவன் நான்தான். லீக் இல்லாதபோது வேறு எதைப் பார்ப்பது?

தூத்தூர்க் கடல்:
ஒரு யோசனை. அடுத்த ஆட்டத்துக்குப் பேனர் எழுதுகிறீர்கள் என்றால், கோப்பை படத்தையும் ஆண்டுகளையும் விட்டுவிட்டு, இந்த மாநிலத்துப் பையன்களின் பெயர்களை எழுதுங்கள். தன்பால் கணேஷ், எட்வின், சூசைராஜ். 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் வெற்றி கோலை அடித்து, கொல்கத்தாவே தூக்கிக் கொண்டாடிய நந்தகுமார் சேகர். நம் சட்டையில் ஆடினார்களோ இல்லையோ, எல்லாப் பெயரும் வரட்டும். உரிமையாளர்களின் இருக்கைக்கு நேர் எதிரே பிடியுங்கள். பழைய பெருமை வேண்டும் என்பவருக்கும் ஆயிற்று, கேள்வி கேட்க வேண்டும் என்பவருக்கும் ஆயிற்று.

புள்ளிப்பட்டியல்:
வேறு கிளப் வீரரின் பெயரை நம் ஸ்டாண்டில் பிடிப்பதா? களத்தில் இப்போது ஆடுகிற பையன்கள் அதைப் பார்த்து என்ன நினைப்பார்கள்? தோற்கிற அணிக்கு இன்னொரு குத்து. நான் ஒப்பவில்லை.

கோவைக்காரன்:
நான் ஒப்புகிறேன். எங்கள் ஊரிலிருந்து ஒரு வேன் வரும். நிபந்தனை ஒன்றுதான்: மார்ச் 9 ஆட்டத்தில் ஆடிய நம் பையன்கள் யாரும் விடுபடக் கூடாது. அஜித் குமாரை இப்போதே விட்டுவிட்டீர்கள்.

பி ஸ்டாண்டு பழனி:
துணிக்கும் பெயின்டுக்கும் காசு நான் தருகிறேன். ஓரத்தில் மெண்டோசாவின் படம் ஒன்று இருக்கும், அதில் பேச்சுக்கே இடமில்லை.

நீலச்சட்டை:
ஓரத்தில் என்றால் எவ்வளவு பெரிய ஓரம், அண்ணா? அளவைச் சொல்லிவிட்டுத் துணி வாங்குங்கள்.