52-இல் 27 போனால் 35? கழித்தலில் பிள்ளைகள் சறுக்கிய இடங்களைச் சொல்லுங்கள்

ஈர்க்குச்சி:
இரண்டாம் வகுப்பு, 52 − 27. பத்துப் பத்தா கட்டின ஈர்க்குச்சி அஞ்சு கட்டு, ரெண்டு உதிரி. பையன் ஒரு கட்டை அவிழ்த்தான், 12 உதிரியில ஏழை எடுத்தான், மீதி நாலு கட்டுல ரெண்டை எடுத்தான். 25. அதே கணக்கை நோட்டுல போடச் சொன்னதும் 35. ரெண்டு விடையும் பக்கத்துப் பக்கத்துல கிடக்கு. எது சரின்னு கேட்டா, "ரெண்டும் சரி. அது குச்சிக் கணக்கு, இது நோட்டுக் கணக்கு"ங்கிறான். அந்தப் பதில் இன்னும் முள்ளா நிக்குது.

35 எப்படி வருதுன்னு இங்க இருக்கிறவங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. 2-ல 7 போகாது, அதனால 7-ல 2 போனா அஞ்சு. 5-ல 2 போனா மூணு. இது கவனக்குறைவு இல்ல. "பெரிசுலேர்ந்துதான் சின்னதைக் கழிக்கணும்"னு ஒண்ணாம் வகுப்புல கேட்ட விதியை அவன் ஒழுங்கா நடத்துறான். ஒற்றை இலக்கத்துல அது செல்லுபடியாச்சு, அப்புறம் யாரும் அதை வாபஸ் வாங்கல.

குச்சியில முழுசா முடிச்சிட்டு நோட்டுக்குப் போறதுதான் தப்பு. ஒரு அசைவு, ஒரு எழுத்துன்னு போகணும். கட்டை அவிழ்த்த கையோட 5-ஐ அடிச்சு 4 எழுதணும். உதிரி 12 ஆனதும் 2-க்கு மேல 12. ஏழை எடுத்ததும் கீழ 5. இப்படி ஒரு எட்டு, பத்து கணக்கு போன பிறகுதான் அடிக்கிற கோடுன்னா கட்டு அவிழ்க்கிறதுன்னு பிள்ளைக்கு ஒட்டுது. கட்டையும் பிள்ளையே எண்ணிக் கட்டணும். நாம கட்டிக் கொடுத்தா அது பத்து இல்ல, வெறும் ஒரு கட்டு.

மணிச்சட்டம்:
அவ்வளவு தூரம் போக வேண்டாம், 8 + 3-லயே சறுக்கல் இருக்கு. மனசுல எட்டை வச்சுக்கிட்டு மூணு விரலை நீட்டி "எட்டு, ஒன்பது, பத்து". விடை 10. எட்டையே முதல் விரலுக்குக் கொடுத்துடறாங்க. எப்பவும் சரியா ஒண்ணு குறையும், அதை வச்சே கண்டுபிடிச்சிடலாம். எட்டுன்னு சொல்லும்போது மூடின கையை நெஞ்சுல தட்டணும், விரல் நீட்டக் கூடாது. அப்புறம்தான் முதல் விரல், "ஒன்பது". ஒரு சின்னப் பொண்ணு நெஞ்சைத் தட்டிட்டு, "எட்டு உள்ள போயிடுச்சு, இனி வராது"ன்னுச்சு. அதைவிட நல்லா யாரால விளக்க முடியும்?

பனங்காய்:
எங்கட பக்கம் இதே பிழை அடிமட்டத்தில (கோடு கீறுற ஸ்கேலில) எண்ணேக்க வரும். 9 − 3 கழிக்கேக்க 9இல விரல வைச்சு, அந்த 9ஐயே "ஒண்டு" எண்டு எண்ணிப்போட்டு, 7இல வந்து நிப்பினம். கூட்டினா ஒண்டு குறையும், கழிச்சா ஒண்டு கூடும். பிள்ளை கோட்டை எண்ணுது, பாய்ச்சலை எண்ணேல்ல. தரையில சோக்கட்டியால கட்டம் கீறி, பிள்ளையையே 9இல நிக்க வைச்சுப் பின்னால மூண்டு தரம் குதிக்க விடுங்கோ. நிண்ட இடத்தில ஆரும் "ஒண்டு" எண்டு சொல்லமாட்டினம்.

மூன்றாம் பெஞ்சு:
@ஈர்க்குச்சி, நோட்டுல போடறப்ப நீங்க "கடன் வாங்கு"ன்னுதானே சொல்லியிருப்பீங்க? அதுதான் வினை. ஒரு பிள்ளை கேட்டது: "எப்ப திருப்பிக் குடுப்போம்?" கேள்வி நியாயம்தானே? பத்துகள் வீட்டுல வாங்கின கடனை யாரும் திருப்பறதே இல்லையே. பாடப்புத்தகம் ஒழுங்கா இனமாற்றம்னு சொல்லுது, அதாவது ஒரு பத்தைப் பத்து ஒண்ணா மாத்தறது.

ஈர்க்குச்சி:
கடன்னு சொல்லல, "கட்டை அவிழ்"னுதான் சொன்னது. இனமாற்றம்னா ஆறு வயசுக்கு என்ன விளங்கும்? சொல்லை மாத்தினா 35 ஓடிடாது.

தாத்தா கணக்கு:
கடனைத் திருப்பிக் கொடுக்கும் முறையும் உண்டு, அதை மறந்துவிட்டு வாதாடுகிறீர்கள். வீட்டுப் பெரியவர்கள் சிலர் இன்றும் அப்படித்தான் போடுகிறார்கள். 52 − 27: மேலே 2-ஐ 12 ஆக்கி ஏழைக் கழித்தால் 5. மேலே உள்ள 5-ஐத் தொடமாட்டார்கள். கீழே உள்ள 2-ஐ 3 ஆக்கி, 5-இல் 3 போனால் 2 என்பார்கள். விடை 25. இரண்டு எண்ணிலும் பத்தைக் கூட்டினால் வித்தியாசம் மாறாது என்பதே அதன் சூட்சுமம். 62-இல் 37 போனாலும் 25-தான்.

வம்பு எங்கே வருகிறது என்றால், பள்ளியில் ஒரு முறை, மாலையில் வீட்டில் மற்றொன்று. ஒரு பிள்ளையின் நோட்டில் வரிசையாகப் பத்து பத்தாகக் குறைந்த விடைகள்: 52 − 27 = 15, 63 − 28 = 25. மேலே 5-ஐ அடித்து 4 ஆக்கியிருக்கிறது, கீழே 2-ஐயும் 3 ஆக்கியிருக்கிறது. கடனும் வாங்கி வட்டியும் கட்டிய கதை. விடை சரியாகப் பத்து குறைந்தால் பிள்ளையைத் திட்டாதீர்கள், வீட்டில் சொல்லித் தருவது யார் என்று கேளுங்கள்.

புளியங்கொட்டை:
எல்லாரும் 52-லயே நிக்கறீங்க. பத்துக்குள்ள பிரிக்கத் தெரியாத பிள்ளைக்கு 12-ல 7 எப்படித் தெரியும்? மறுபடி விரல்தான் எண்ணும், நடுவுல எங்க நின்னோம்னு மறந்துடும். யாரும் கேட்கலதான், இருந்தாலும் சொல்றேன்.

தாயம் விளையாடத் தேய்க்கற மாதிரி புளியங்கொட்டையை ஒரு பக்கம் சிமெண்டுத் தரையில வெள்ளை தெரியற வரைக்கும் தேய்ங்க. முதல்ல அஞ்சு கொட்டை. பாய் மேல போடணும், வெறும் தரையில உருண்டு ஓடிடும். ஒரு பிள்ளை கறுப்பை மட்டும் கொட்டாங்குச்சியால மூடணும், இன்னொண்ணு வெள்ளையைப் பார்த்து மூடினது எத்தனைன்னு சொல்லணும். வெள்ளை மூணா, உள்ள ரெண்டு. திறந்து பார்த்துக்கணும். அஞ்சுல தடுமாற்றம் நின்ன பிறகு ஆறு, ஏழுன்னு பத்து வரைக்கும் ஏத்துங்க. நேரா பத்துல ஆரம்பிச்சா ஊகம்தான் வரும். மூக்குல, காதுல போட்டுக்கற வயசுப் பிள்ளைங்களுக்குக் கொட்டை வேண்டாம், பாட்டில் மூடி போதும், உள்பக்கம் வெள்ளை, வெளிப்பக்கம் கறுப்புன்னு வச்சுக்கலாம்.

அடுத்தது முட்டை அட்டை. 30 முட்டை அட்டையில ஒரு பக்கம் 6 குழி, ஒரு பக்கம் 5. அஞ்சு குழி நீளத்துல ரெண்டு ரெண்டு வரிசையா வெட்டினா மூணு துண்டு, துண்டுக்கு 10 குழி. 8 + 5-க்கு எட்டுக் குழியை நிரப்பிட்டு அஞ்சை வெளிய வைங்க. காலியா இருக்கற ரெண்டு குழி தானா அஞ்சுலேர்ந்து ரெண்டைக் கேட்கும். மீதி மூணு, மொத்தம் 13. கொட்டாங்குச்சி விளையாட்டு பழகாத பிள்ளை இங்க வந்து முழிக்கும், ஏன்னா அஞ்சை ரெண்டும் மூணுமாப் பிரிக்கணுமே.

காசு வச்சு சொல்லிக்கொடுக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. பத்து ரூபாய்க்குள்ள பத்து ஒத்த ரூபாய் இருக்கறது கண்ணுக்குத் தெரியாது, குச்சிக்கட்டுக்கு அப்புறம்தான் காசு. 10 ரூபாய் நாணயம் எடுத்தா, "இதைக் கடையில வாங்க மாட்டாங்க"ன்னு பிள்ளையே சொல்லும். நோட்டை எடுங்க. ஆனா மளிகைக்கடைக்காரர் மீதி கொடுக்கற முறை அருமை: 37 ரூபாய்க்கு 50 கொடுத்தா 38, 39, 40-ன்னு மூணு ஒத்த ரூபாய், அப்புறம் ஒரு பத்து, ஐம்பது. 13. அவர் கழிக்கவே இல்ல, ஏறிப் போறார்.

மிட்டாய்ப்பை:
கணக்கு சரியாப் போடற பிள்ளை வாக்கியத்துல விழுந்தது. "கவிதாவிடம் 8 மிட்டாய். அது ரவியிடம் இருப்பதைவிட 3 அதிகம். ரவியிடம் எத்தனை?" விடை 11. ஏன்னு கேட்டதும் சுவரைக் காட்டுச்சு. அங்க சார்ட்ல பெரிய எழுத்துல: அதிகம் என்றால் கூட்டல், மீதி என்றால் கழித்தல். அந்த சார்ட்டைக் கழட்டினதுதான் முதல் வைத்தியம். அப்புறம் யார்கிட்ட அதிகம்னு மட்டும் கேட்கணும், எண்ணையே தொடக் கூடாது. கவிதாகிட்டன்னு வந்த பிறகு ரெண்டு வரிசையா மிட்டாயை அடுக்கினா ரவி வரிசை அஞ்சுல நின்னுடும்.

மூன்றாம் பெஞ்சு:
சரி, அவிழ்க்கறதுன்னே வச்சுக்குவோம். மூணாம் வகுப்புல 302 − 147 வந்தா? பத்துகள் இடத்துல பூஜ்யம், அவிழ்க்கக் கட்டே இல்ல. பிள்ளை நேரா 3-கிட்ட போய் ஒண்ணை எடுத்து 2-ஐ 12 ஆக்குது, 5. நடுவுல 0-ல 4 போகாது, அதனால 4. முன்னால 2-ல 1 போனா 1. விடை 145.

ஈர்க்குச்சி:
நடுவுல அந்த 4 மறுபடி பழைய விதிதான், பார்த்தீங்களா. நூறுன்னா பத்துக் கட்டு போட்ட ஒரு துணிப்பை. பையைத் திறந்தா உதிரி வராது, கட்டுதான் வரும். பை ரெண்டாச்சு, கட்டு 10. அதுல ஒண்ணை அவிழ்த்தா கட்டு 9, உதிரி 12. எழுத்துலயும் ரெண்டு தடவை அடிக்கணும், முதல்ல 0-க்கு மேல 10, அப்புறம் அதையும் அடிச்சு 9. அவசரப்பட்டு நேரா 9 எழுத விட்டா அந்தப் பத்து எங்கேர்ந்து வந்துச்சு, ஒண்ணு எங்க போச்சுன்னு பிள்ளைக்குத் தெரியாது. 155. பைக்கு நாடா வச்ச சுருக்குப்பை எடுங்க. தைச்ச பையா இருந்தா திறக்கறதுலயே பீரியட் முடிஞ்சிடும்.