ஜூமுக்கு ‘உருப்பெருக்கம்’ வேண்டாம், ‘எட்டம்’ வச்சுக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம்,

கேமரா ஜூமுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்னு நம்ம சொல்லாக்கக் குழுமத்துல ஓடுற இந்த இழையை ரெண்டு நாளா படிச்சுக்கிட்டே இருக்கேன். ஜூமுக்கு உருப்பெருக்கம்னே இருந்துட்டுப் போகட்டும், ஏற்கனவே புழங்குற சொல், புதுசா எதுக்கு ஒண்ணுன்னு ரெண்டு மூணு பேர் எழுதிட்டீங்க. என்னால அதை ஒத்துக்க முடியல. இலக்கணத்துக்காகச் சொல்லல, கேமராவுக்காகச் சொல்றேன். நான் இப்ப பறவை படம் எடுக்க ஒரு சின்ன கேமரா வாங்கலாம்னு ரெண்டு மாடலை முன்னாடி வச்சுக்கிட்டு ஒரு மாசமா அலசிக்கிட்டு இருக்கேன், அதுல எனக்குப் பட்டது என்னன்னா, இந்தச் சொல் தப்பா இருக்கறதால வாங்குறவங்க கணக்கும் தப்பாப் போகுது.

ரெண்டு மாடல்ல ஒண்ணு கேனான் பவர்ஷாட் எஸ்எக்ஸ்740 எச்எஸ், 2018ல வந்தது. இன்னொண்ணு பானசோனிக் லூமிக்ஸ் டிசட்95, 2019. ரெண்டுலயும் 20.3 மெகாபிக்சல், ரெண்டுலயும் சுண்டுவிரல் நகம் அளவு கூட வராத அதே சின்ன சென்சார், ரெண்டும் 300 கிராமுக்கு முன்ன பின்ன, பேண்ட் பாக்கெட்ல போட்டுக்கிட்டு நடக்கலாம். ஜூம்தான் வேற, கேனான் 40 எக்ஸ், பானசோனிக் 30 எக்ஸ். இதைச் சொன்னதும் என் மச்சான் கேட்டது, “அப்ப கேனான்ல 40 மடங்கு பெருசாத் தெரியும், அதுல 30 மடங்கு, இதுல யோசிக்க என்ன இருக்கு?” அவன் கேட்டதுல தப்பே இல்ல. உருப்பெருக்கம் 40 மடங்குன்னு தமிழ்ல எழுதினா எந்த மனுசனும் அப்படித்தான் புரிஞ்சுப்பான். பள்ளிக்கூடத்துல நுண்ணோக்கியில வெங்காயத் தோலை வச்சுப் பார்த்தோமே, அங்க உருப்பெருக்கம்னா நிஜமாவே அத்தனை மடங்கு பெருசு. அந்தச் சொல்லுக்கு அதுதான் வேலை, அதை அது ஒழுங்கா செஞ்சுக்கிட்டு இருக்கு.

கேமராவோட 40 அது இல்ல. கேனான் லென்ஸோட மிகக் குறைஞ்ச குவியத்தூரம் (இது கூடக் கூட தூரத்துப் பொருள் பெருசா விழும்) 4.3 மி.மீ., மிக அதிகம் 172 மி.மீ. இதை அதால வகுத்தா 40. பானசோனிக் அதே 4.3ல ஆரம்பிச்சு 129ல நிக்குது, அதனால 30. வெறும் வகுத்தல் விடை. இந்த முனைக்கும் அந்த முனைக்கும் உள்ள விகிதத்தைத்தான் அது சொல்லுதே தவிர பறவை எவ்வளவு பெருசா விழும்னு அது சொல்லவே இல்ல.

இதுக்கு இன்னொரு உதாரணம் சொல்றேன், இதைப் பார்த்தப்புறம்தான் நான் உருப்பெருக்கத்தை முழுசா விட்டேன். 2012ல கேனான் எஸ்எக்ஸ்260 எச்எஸ், பானசோனிக் டிசட்30னு ரெண்டு வந்தது, ரெண்டுமே 20 எக்ஸ். சென்சார் அளவு கேமராவுக்குக் கேமரா மாறும், அதனால ஒப்பிட வசதியா குவியத்தூரத்தை 35 மி.மீ. பிலிம் கேமரா கணக்குக்கு மாத்திச் சொல்வாங்க, அப்படிச் சொன்னா கேனான் 25ல இருந்து 500, பானசோனிக் 24ல இருந்து 480. எண் ஒண்ணுதான், ஆனா எட்டுற தூரம் வேற. வேடந்தாங்கல்ல முக்காலி போட்டு கை நீளத்துக்கு 600 மி.மீ. லென்ஸ் மாட்டிக்கிட்டு நிப்பாங்களே, அந்த லென்ஸ் முன்ன பின்ன நகரவே நகராது, 600ன்னா 600தான், அதுக்கு ஜூம் எவ்வளவுன்னு கேட்டா 1 எக்ஸ். நம்ம சொல்படி பார்த்தா அந்த லென்ஸ் எதையுமே பெருக்கலன்னு ஆகுது! நாரையோட கண்ணுல இருக்கற வளையம் வரைக்கும் அதுல தெரியும்.

அதனால ஆங்கிலத்துல ஒரே சொல்லுக்குள்ள ரெண்டு விஷயம் அடைஞ்சு கிடக்கு, தமிழ்ல நாம அதைப் பிரிச்சுடலாம்ங்கறது என் கட்சி. விகிதத்துக்கு புதுச் சொல்லே வேண்டாம், ‘மடங்கு’ போதும், 40 மடங்கு லென்ஸ், 30 மடங்கு லென்ஸ். தூரத்து முனையில எவ்வளவு எட்டுதுங்கறதுக்கு ‘எட்டம்’. கண்ணுக்கு எட்டின தூரம்னு சொல்றோம், கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலன்னு சொல்றோம், எட்டத்துல நிக்கிறான்னா தூரத்துல நிக்கிறான்னு அர்த்தம். யாழ்ப்பாணத்துக்காரங்களும் எட்ட நில்லுன்னு சொல்லிக் கேட்டிருக்கேன். தூரங்கறதும் அதைப் போய்த் தொடறதும் ரெண்டும் ஒரே வேர்ல கிடைக்குது, இதைவிட வேற என்ன வேணும்? அதே பிலிம் கேமரா கணக்குல, நான் பார்க்கிற கேனானோட எட்டம் 960, பானசோனிக்கோட எட்டம் 720. இப்படிச் சொல்லும்போது மச்சான் கேள்விக்குப் பதில் தானா வந்துடுது. 960ஐ 720ஆல வகுத்தா ஒண்ணே கால் சொச்சம், அதாவது பானசோனிக் திரையில மூணு விரக்கடை அகலம் வர்ற பறவை கேனான்ல நாலு விரக்கடை வரும், வித்தியாசம் அவ்வளவுதான்.

சரி, ஜூம் லென்ஸுக்கு என்ன சொல்றதுன்னு இங்க ஒருத்தர் கேட்டிருந்தார். லென்ஸுக்கு வில்லைன்னு இலங்கைப் பாடநூல்ல நல்லாப் புழங்குது, எனக்கும் பிடிச்ச சொல்தான், ஆனா இந்த இடத்துல மாட்டிக்கிறோம். ‘எட்ட வில்லை’ன்னு எழுதிப் பாருங்க, கொஞ்சம் சேர்ந்துட்டா எட்டவில்லை! ‘உருப்பெருக்க வில்லை’யும் அதே கதைதான், கேமரா விளம்பரத்துல அப்படி அச்சாச்சுன்னா இந்த கேமரா உருவைப் பெருக்கலன்னுதான் படிப்பாங்க. அகரத்துல முடியற வினை எதுக்குப் பின்னாடி வில்லை வந்தாலும் இந்த ஆபத்து இருக்கு, இடைவெளி விட்டாப் போதும்னு சொல்லாதீங்க, வாய்ல சொல்லும்போது இடைவெளி எங்க இருக்கு. அதனால இதுக்கு மட்டும் லென்ஸ்னே வச்சுக்கலாம், இல்லன்னா மூணு நாள் முன்னாடி இங்க வந்த ‘மாறுகுவிய வில்லை’ (குவியத்தூரம் மாறுற லென்ஸ்) இருக்கே, அதுவும் வாய்ல சொன்னா ‘குவியவில்லை’ன்னு கேக்கும்தான், ஆனா பாடப்புத்தகத்துக்குப் பொருந்தும். கடையில போய்க் கேக்க ஆகாது, ஆனா அது வேற விஷயம்.

அடுத்தது டிஜிட்டல் ஜூம். இதுக்கு ‘எண்மிய உருப்பெருக்கம்’னு நம்ம குழுமச் சொல்பட்டியல்ல போட்டிருக்கு. இதுல எனக்குச் சொந்த வருத்தம் ஒண்ணு இருக்கு. சில வருசம் முன்னாடி ஒரு கேமரா வாங்கினேன், பெட்டி மேல பெருசா ஒரு எண், அதை நம்பி வாங்கி வந்து ஏரிக்கரையில நின்னு ஒரு கூழைக்கடாவை முழுசா இழுத்து எடுத்தேன், சின்னத் திரையில அழகா இருந்தது, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல போட்டா அலகுக்கும் கழுத்துக்கும் நடுவுல கோடே இல்ல, ஈரத்துல ஊறின வாட்டர்கலர் மாதிரி எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்து கிடந்தது. பெட்டி மேல இருந்தது லென்ஸோட ஜூமையும் டிஜிட்டல் ஜூமையும் பெருக்கிப் போட்ட எண்ணுன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. டிஜிட்டல் ஜூம்ல லென்ஸ் ஒரு மயிரிழை கூட நகர்றதில்ல. சென்சார்ல விழுந்த படத்தோட நடுப்பகுதியை வெட்டி எடுத்து, அதை ஊதிப் பெருசாக்கிக் காட்டுது, இல்லாத புள்ளிகளை பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து தானே நிரப்பிக்குது. ஆக நிஜமாவே பெருக்கம்ங்கற சொல்லுக்கு உரிமை உள்ளது இதுதான்! இதுக்கு ‘வெட்டுப்பெருக்கம்’னு வச்சா என்ன? சொல்லைக் கேட்டதுமே வாங்குறவர் ஒரு நிமிசம் நின்னு யோசிப்பார். “எட்டம் 720, அதுக்கு மேல வெட்டுப்பெருக்கம்” அப்படின்னு பெட்டி மேல எழுதியிருந்தா நான் அன்னைக்கு ஏமாந்திருக்க மாட்டேன்.

இப்ப வாங்கப்போற கேமரா எதுன்னு சிலர் தனி மடல்ல கேட்டிருந்தீங்க, அதையும் இங்கயே சொல்லிடறேன், சொல்லாக்கத்துக்கும் அது உதவும். ரெண்டையுமே தெரிஞ்சவங்ககிட்ட ஒரு ஞாயித்துக்கிழமைக்கு இரவல் வாங்கிக்கிட்டு வேடந்தாங்கல் போனேன். ஏரிக்குள்ள மரத்து உச்சியில மஞ்சள்மூக்கு நாரை ஒண்ணு. கேனானை 960க்கு இழுத்துட்டு ரெண்டு கையையும் முன்னாடி நீட்டித் திரையைப் பார்க்கிறேன், பத்தரை மணி வெயில், திரையில என் முகம்தான் தெரியுது, நாரை கட்டத்துக்குள்ள நிக்கவே மாட்டேங்குது, நான் மூச்சு விட்டா அது மரத்துல இருந்து வானத்துக்குப் போயிடுது. தொலைஞ்சுபோன பறவையைத் தேடறதுக்காக ஒரு பட்டன் வச்சிருக்கான், அழுத்தினா லென்ஸ் சட்டுன்னு பின்வாங்கும், திரும்ப நடுவுல வச்சு விட்டா பழைய இடத்துக்கே போகும், அது நல்ல ஏற்பாடு, அதை நான் குறைச்சுச் சொல்லமாட்டேன். ஆனா பானசோனிக்ல கண்ணு வச்சுப் பார்க்கிற சின்ன ஜன்னல் இருக்கு, கேனான்ல அது இல்லவே இல்ல. கேமராவைப் புருவத்துல அழுத்தி, முழங்கையை விலாவுல ஒட்டிக்கிட்டுப் பார்த்தேன், நாரை அப்படியே நின்னது, வால் பக்கத்துல அந்த ரோஸ் இறகு தனித்தனியாத் தெரிஞ்சது. எட்டம் குறைச்சல்தான், ஆனா கைக்குள்ள நிக்கிற எட்டம். சென்சார்ல விழுந்ததைச் சுருக்காம அப்படியே வச்சிருக்கிற ரா கோப்பாவும் எடுத்துக்கலாம், கேனான்ல அதுவும் கிடையாது.

இன்னொண்ணு, இவ்வளவு சின்ன சென்சார்ல எட்டத்தைக் கூட்டிக்கிட்டே போனாலும் விவரம் அதே அளவுக்குக் கூடாது. கடைசி முனையில கேனானோட ஒளித்துளை எஃப் 6.9, பானசோனிக்கோடது எஃப் 6.4 (எண் கூடக் கூட துளை சின்னது), ரெண்டுலயுமே ஒளியோட விளிம்பு விளைவு, அதாவது சின்னத் துளை வழியா வர்ற ஒளி பரவுறது, ஒவ்வொரு புள்ளியையும் பக்கத்துப் புள்ளி மேல வழிய விட்டுடுது. 40ங்கற எண்ணுக்கு நான் மயங்காததுக்கு இதுவும் ஒரு காரணம்.

இப்படி மடங்கு ரொம்ப அதிகமா இருக்கற சூப்பர்ஜூம்ங்கற கேமரா வகைக்கே ஒரு பேர் வேணுமே, அதுதான் இன்னும் இழுபறி. ‘தொலையெட்டி’ன்னு நான் முதல்ல நினைச்சேன், தொலைநோக்கி மாதிரி ஓசை நல்லா இருக்கு. வீட்ல சொன்னப்ப அம்மா உடனே “எட்டிக்காயா?”ன்னு கேட்டாங்க. அந்தக் கசப்பும் விஷமும் ஒட்டிக்கிட்டு வருதுன்னா யோசிக்கத்தான் வேணும். ‘பெருவீச்சு’ன்னு இங்க வந்ததும் பரவாயில்ல, ஆனா வீச்சுன்னா இயற்பியல்ல ஒண்ணு, புள்ளியியல்ல ஒண்ணுன்னு ஏற்கனவே ரெண்டு வேலை பார்க்குது, மூணாவது சுமையை ஏத்தணுமா? ‘நெடு எட்டக் கேமரா’ன்னு பிரிச்சே எழுதினா எனக்குச் சம்மதம், கொஞ்சம் நீளம்தான். பாக்கெட் அளவுக்கு ‘கையடக்க’ங்கறது ஏற்கனவே இருக்கு, அதை முன்னாடி சேர்த்துக்கலாம்.

பட்டியல்ல மாத்தறவங்க வசதிக்காக: ஜூம் விகிதம் – மடங்கு, லென்ஸோட தூர முனை – எட்டம், டிஜிட்டல் ஜூம் – வெட்டுப்பெருக்கம், உருப்பெருக்கம் நுண்ணோக்கிக்கும் தொலைநோக்கிக்குமே இருக்கட்டும். ஜூம் பண்றதுங்கற வினைக்கு மட்டும் என்கிட்ட நல்ல பதில் இல்ல. எங்க ஊர்ல கல்யாண வீடியோ எடுக்கிறவர் உதவிப் பையன்கிட்ட “பொண்ணு முகத்தை கிட்ட இழுடா”ன்னு சொல்வார், திரும்ப “பின்னால விடு”ன்னு சொல்வார். ‘கிட்டிழு’, ‘பின்விடு’ன்னு அதையே எடுத்துக்கலாமான்னு தோணுது. ஸ்டுடியோ வச்சிருக்கிறவங்க, கேமரா ரிப்பேர் பார்க்கிறவங்க யாராவது குழுமத்துல இருந்தா உங்க பக்கம் வாய்ல என்ன சொல்றாங்கன்னு எழுதுங்க, எனக்கு அகராதியில இருக்கறதைவிட அதுதான் முக்கியம். நான் வர்ற சனிக்கிழமை டிசட்95க்கு முன்பணம் கட்டப்போறேன்.