உயிர்மருத்துவ விஞ்ஞானத்தில் கலாநிதிப் படிப்பு: மட்டக்களப்பிலிருந்து விண்ணப்பிப்பது எப்படி?

படுவான்கரை மாணவி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் நான்கு வருடச் சிறப்புப் பட்டம் முடித்தவள். கொவிட் முடக்கமும், 2022 இல் எரிபொருள் இல்லாமல் வகுப்புகள் தடைப்பட்டதும் சேர்ந்து அந்த நான்கு வருடம் ஏறத்தாழ ஆறு வருடமாக நீண்டுவிட்டது. தரப்புள்ளிச் சராசரி 3.41. இறுதி வருட ஆய்வுக்காகக் கல்லடியிலிருந்து காத்தான்குடி வரை வாவியோரத்தில் கைவிடப்பட்ட கிணறுகளில், டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பின் குடம்பிகளைத் தேடி எடுத்து, உவர் கலந்த நீரில் அவை எந்த அளவு உப்பு வரை உயிர் பிழைக்கின்றன என்று ஆய்வுகூடத்தில் பார்த்தேன். இப்போது ஒரு தனியார் மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன்.

அமெரிக்காவில் உயிர்மருத்துவ விஞ்ஞானத்தில் கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன். முதுமாணிப் பட்டம் இல்லாமல் நேரடியாக விண்ணப்பிக்க முடியுமா, அல்லது இங்கேயே ஒரு முதுதத்துவமாணி (எம்.பில்.) செய்துவிட்டுப் போவதுதான் முறையா? என் ஆய்வை மேற்பார்வை செய்தவர் கலாநிதிப் பட்டம் பெற்று இரண்டு வருடமேயான இளம் விரிவுரையாளர். அவரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்குவதா, பெயர் பெற்ற மூத்த பேராசிரியர் ஒருவரிடம் கேட்பதா? வெளியான கட்டுரை எதுவும் என்னிடம் இல்லை, பி.சி.ஆர். கருவியைக்கூட நான் பயிற்சி வகுப்பில் ஒருமுறைதான் தொட்டிருக்கிறேன். அப்படியிருக்க, ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதி அனுப்பும் நோக்கக் கூற்றில் எதை எழுதுவது?

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அப்பா வேளாண்மை செய்பவர். பெரும்போக அறுவடைக்குப் பிறகுதான் வீட்டில் காசு புழங்கும். விண்ணப்ப முடிவுத் திகதிகளோ டிசம்பரில் வருகின்றன. அப்போது இருந்த காசெல்லாம் உரத்துக்கும் கிருமிநாசினிக்கும் போயிருக்கும்.

கல்முனையான் எழுதியது:

தங்கையே, நான் கல்முனையிலிருந்து போய் அமெரிக்காவில் மூலக்கூற்று உயிரியலில் கலாநிதிப் பட்டம் முடித்தவன். முதுமாணிப் பட்டம் இல்லாமல்தான் போனேன். நான்கு வருடச் சிறப்புப் பட்டம் அங்குள்ள இளமாணிப் பட்டத்துக்கு நிகராகக் கொள்ளப்படுவதால் உங்களுக்கு அந்தத் தடை இல்லை. மூன்று வருடப் பொதுப் பட்டம் என்றால் சில பல்கலைக்கழகங்களில் சிக்கல் வரும். படிப்பு பெரும்பாலும் ஐந்து தொடக்கம் ஆறு வருடம் எடுக்கும். கல்விக் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்டு, வாழ்க்கைச் செலவுக்கு உதவித்தொகையும் மருத்துவக் காப்புறுதியும் தருவதுதான் இத்துறையில் வழக்கம். ஆகவே சொந்தப் பணத்தில் படிக்கச் சொல்லி எந்த அனுமதி வந்தாலும் அதை ஏற்க வேண்டாம்.

நீங்கள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது, அங்கே இரண்டு வகையான வாசல்கள் உள்ளன என்பதை. ஒன்று, மருத்துவ பீடங்கள் நடத்தும் பொதுத் திட்டம். அதில் உங்களைத் தெரிவு செய்வது ஒரு பேராசிரியர் அல்ல, ஒரு குழு. முதல் வருடத்தில் பெரும்பாலும் மூன்று ஆய்வுகூடங்களில் சில வாரங்கள் வீதம் வேலை செய்து பார்த்து, அதன் பின்னரே ஒன்றைத் தெரிவு செய்வீர்கள். இந்தத் திட்டங்களில் பல, என்.ஐ.எச். எனப்படும் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகத்தின் பயிற்சி மானியத்தில் கணிசமாகத் தங்கியிருக்கின்றன. அந்த மானியத்தை அமெரிக்கப் பிரசைகளுக்கும் நிரந்தர வதிவாளர்களுக்கும் மட்டுமே கொடுக்கலாம் என்பதால், வெளிநாட்டு மாணவருக்கு ஒதுக்கக்கூடிய இடங்கள் மிகவும் சொற்பம். எங்கள் பிள்ளைகள் பலர் இது தெரியாமல் பத்து விண்ணப்பம் போட்டு, பத்தும் மறுக்கப்பட்டதும் தங்களிடம் திறமை இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதை நினைக்க எனக்கு வேதனையாக இருக்கிறது.

இரண்டாவது வாசல் பூச்சியியல் துறைகள். நுளம்பைப் பற்றிய சிறந்த ஆய்வுகளில் பல மருத்துவ பீடங்களுக்கு வெளியே, விவசாய பீடங்களின் பூச்சியியல் துறைகளில்தான் நடக்கின்றன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைட், டேவிஸ் வளாகங்கள், வேர்ஜினியா டெக், வீரோ பீச்சில் மருத்துவப் பூச்சியியல் ஆய்வுகூடம் வைத்திருக்கும் புளோரிடாப் பல்கலைக்கழகம் ஆகியவற்றைப் பாருங்கள். இத்தகைய துறைகளில் மாணவருக்கான பணம் பெரும்பாலும் பேராசிரியரின் ஆய்வு மானியத்திலிருந்தோ, இளமாணி மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுக்கும் உதவிப் பணியிலிருந்தோ வருவதால், உங்கள் பிரசாவுரிமை அவ்வளவாகக் குறுக்கே நிற்காது. ஆனால் விண்ணப்பிப்பதற்கு முன்பே பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுத வேண்டும். அடுத்த வருடம் புதிய மாணவரை எடுக்கிறாரா என்று அவர் சொல்லாமல் அங்கே கட்டணம் கட்டக் கூடாது. உங்கள் குடம்பி ஆய்வை வைத்துப் பார்த்தால், உங்கள் விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் இந்த வாசலுக்கே போக வேண்டும் என்பது என் எண்ணம்.

ஜி.ஆர்.ஈ. எனப்படும் பட்டப்பின்படிப்பு நுழைவுப் பரீட்சையைப் பெரும்பாலான உயிர்மருத்துவத் திட்டங்கள் கைவிட்டுவிட்டன. கேட்காத இடங்களுக்காக அதற்குச் செலவழிக்க வேண்டாம். ஆங்கிலத் தகைமைப் பரீட்சை வேண்டும். அதன் பெறுபேறு இரண்டு வருடங்களுக்கே செல்லும். 2025 இல் அமெரிக்க அரசின் ஆய்வு நிதி வெட்டப்பட்டபோது பல பல்கலைக்கழகங்கள் அனுமதிகளைக் குறைத்தன, சில கொடுத்த அனுமதியைத் திரும்பவும் பெற்றுக்கொண்டன. ஆகவே ஒரு நாட்டை மட்டும் நம்பியிருக்காதீர்கள்.

ஆய்வுகூட மேசை எழுதியது:

நான் கிழக்கிலே விரிவுரையாளராக இருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் பரிந்துரைக் கடிதங்கள் எழுதுகிறேன். வெளிநாட்டில் படித்த காலத்தில் மாணவர் தெரிவுக் குழு ஒன்றில் மாணவப் பிரதிநிதியாக இருந்து, பிறர் எழுதிய கடிதங்களை வாசித்தும் இருக்கிறேன். அதனால் கடிதத்தைப் பற்றியும் நோக்கக் கூற்றைப் பற்றியும் மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் மேற்பார்வையாளரிடமே கேளுங்கள். அவருடைய பதவி சிறியது என்று தயங்க வேண்டாம். உங்களைத் தெரியாத பேராசிரியர் எழுதும் கடிதத்தில், இம்மாணவி ஒழுக்கமானவர், வகுப்புக்கு ஒழுங்காக வந்தவர், இன்ன பாடத்தில் இன்ன தரம் பெற்றவர் என்பவற்றுக்கு மேல் எதுவும் இருக்க முடியாது. இவை யாவும் பெறுபேற்றுப் பத்திரத்திலேயே இருக்கின்றன அல்லது யாருக்கும் தேவையற்றவை. உங்களோடு கிணற்றடியில் நின்றவரால்தான், முதல் தடவை குடம்பிகள் எல்லாம் செத்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுத முடியும். குழு தேடுவது அந்த ஒரு பந்தியைத்தான். மூன்று கடிதம் கேட்பார்கள். இரண்டாவதை உங்களுக்குச் செய்முறை கற்பித்த ஒருவரிடமும், மூன்றாவதை இப்போதைய ஆய்வுகூடப் பொறுப்பாளரிடமும் கேட்கலாம்.

இங்கே ஒரு பழக்கம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. "நீயே எழுதிக்கொண்டு வா, நான் கையொப்பம் வைக்கிறேன்" என்று மாணவரிடம் சொல்லிவிடுகிறார்கள். மூன்று கடிதமும் ஒரே கையால் எழுதப்பட்டால், ஒரே சொற்களும் ஒரே ஆங்கிலப் பிழைகளும் மூன்றிலும் வரும். வாசிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். அது நேர்மையும் அல்ல. அப்படி யாராவது சொன்னால், உங்கள் ஆய்வின் சுருக்கம், அவரோடு செய்த வேலைகளின் திகதிகள், விண்ணப்பிக்கும் இடங்களின் பட்டியல் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, "இதை வைத்து உங்கள் சொற்களில் எழுதித் தாருங்கள் ஐயா" என்று பணிவாகக் கேளுங்கள். கடிதத்தைப் பிற்பாடு பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று விண்ணப்பப் படிவம் கேட்கும். ஆம் என்றே குறியுங்கள். எழுதுபவர் தன் நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரியையே பயன்படுத்த வேண்டும்.

நோக்கக் கூற்றுக்கு வருகிறேன். எனக்கு வரும் வரைவுகளில் பெரும்பாலானவை, சிறுவயதில் பாட்டிக்குக் காய்ச்சல் வந்த கதையில் தொடங்கி, மனித குலத்துக்குச் சேவை செய்யும் ஆசையில் முடிகின்றன. நடுவில் விஞ்ஞானம் இருக்காது. உங்களுக்கு அந்தக் குறை வரத் தேவையில்லை, ஏனெனில் உங்கள் கையில் உண்மையான ஒரு கேள்வி இருக்கிறது. டெங்கு நுளம்பு சுத்தமான நன்னீரில்தான் பெருகும் என்று எண்ணியே வீடுகளில் பூச்சாடியையும் டயரையும் தேடுகிறார்கள். மட்டக்களப்புக் கரையோரத்தில் உவர் நீரிலும் அது வளர்வது ஏற்கெனவே ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. நீங்கள் அதற்கு அடுத்த படியில் நின்றிருக்கிறீர்கள். ஆகவே எந்தக் கேள்வியைக் கேட்டீர்கள், எப்படி அளந்தீர்கள், எது பிழைத்தது, அதை எப்படிச் சரிசெய்தீர்கள், கிடைத்த முடிவு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பவற்றை எழுதுங்கள். கடைசியாக, அந்த முடிவு உங்களை எந்தக் கேள்விக்குக் கொண்டுபோகிறது என்று எழுதுங்கள். குடம்பியின் வயிற்றுக் கடைமுனையில் நன்னீரிலிருந்து உப்பயன்களை உள்ளெடுக்கும் மெல்லிய உறுப்புகள் இருக்கின்றன. உவர் நீரில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்தவற்றில் அவை மாறியிருக்கின்றனவா என்று கேட்கத் தெரிந்தவருக்கு, பி.சி.ஆர். செய்வதை அவர்கள் இரண்டு வாரத்தில் கற்பித்துவிடுவார்கள். உங்கள் பட்டம் ஆறு வருடமாக நீண்டதைச் சொல்ல இரண்டு வசனம் போதும்: கொவிட், 2022 நெருக்கடி. அதற்கு மேல் விளக்கம் எழுதினால் மன்னிப்புக் கேட்பது போலாகிவிடும்.

சம்மாந்துறைச் சகோதரி எழுதியது:

மேலே இருவரும் சொன்னவை சரி. ஆனால் நேரடியாகப் போவதுதான் எல்லோருக்கும் நல்லது என்ற எண்ணத்தோடு நான் முழுதாக உடன்படவில்லை. நான் சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடத்தில் படித்து, பேராதனையில் விஞ்ஞானப் பட்டப்பின்படிப்பு நிறுவகத்தில் பதிந்து முதுதத்துவமாணி முடித்த பிறகே அவுஸ்திரேலியாவுக்கு விண்ணப்பித்தேன். அங்கே கலாநிதிப் படிப்பு மூன்றரை, நான்கு வருடத்தில் முடியும். வகுப்புப் பாடங்கள் பெரும்பாலும் இல்லை, முதல் நாளிலிருந்தே ஆய்வுதான். அதனால் கணிசமான ஆய்வு அனுபவம் இல்லாதவருக்கு அரசின் ஆய்வுப் பயிற்சிப் புலமைப்பரிசில் கிடைப்பது கடினம். பேராதனையில் இரண்டு வருடம் ஒரு ஆய்வு மானியத்தில் உதவியாளராக மாதச் சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டே பட்டத்தையும் முடித்தேன். ஒரு கட்டுரையும் வந்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிர்இரசாயன, மூலக்கூற்று உயிரியல் நிறுவகத்திலும் முதுமாணி இருக்கிறது. (கொழும்பிலுள்ள மருத்துவப் பட்டப்பின்படிப்பு நிறுவகத்தோடு இவற்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வைத்தியர்களுக்கானது.)

பணத்தைப் பற்றி: ஒரு விண்ணப்பத்துக்கு 75 டொலர் என்றாலே இன்றைய மதிப்பில் 20,000 ரூபாவைத் தாண்டும். பத்து இடத்துக்குப் போட வேண்டாம், ஐந்தை நன்றாகப் போடுங்கள். கட்டண விலக்குக் கேட்டுத் திட்ட இணைப்பாளருக்கு ஒக்டோபரிலேயே எழுதுங்கள். சில இடங்களில் வெளிநாட்டவருக்கு விலக்கு இல்லை, சில இடங்களில் கேட்டால் தருவார்கள், கேட்காமல் எவரும் தருவதில்லை. அமெரிக்காவில் அனுமதி கிடைத்தால் அந்நாட்டு அரசுக்கு மாணவர் பதிவுக் கட்டணம் 350 டொலரும் விசாக் கட்டணம் 185 டொலரும் கட்ட வேண்டிவரும். ஆனால் அது அறுவடைக்குப் பிறகு வரும் செலவு.

இன்னொன்று, நம் ஊருக்கே உரிய விடயம். டிசம்பர் 1 என்பது நமக்கு மாரியின் நடுப்பகுதி. 2024 நவம்பர் இறுதியிலும் வெள்ளம், 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல். மின்சாரமும் இணையமும் பாதையும் ஒரே நேரத்தில் போய்விட்டால், அதைத் தூரத்திலிருக்கும் ஒரு கணினிப் படிவத்துக்கு எடுத்துச் சொல்ல முடியாது. நவம்பர் 15 ஐயே உங்கள் முடிவுத் திகதியாக வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் எழுதுபவர்களுக்கும் அதையே சொல்லுங்கள்.

படுவான்கரை மாணவி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இந்த வருடம் மூன்று பூச்சியியல் துறைகளுக்கும் இரண்டு பொதுத் திட்டங்களுக்கும் விண்ணப்பிக்கிறேன். அதோடு பேராதனையில் ஆய்வு உதவியாளர் வெற்றிடங்களையும் பார்க்கிறேன். மேற்பார்வையாளரிடம் பேசிவிட்டேன், கடிதம் தருவதாகச் சொன்னார். நோக்கக் கூற்றின் முதற் பந்தியை ஆங்கிலத்தில் எழுதும் முன் தமிழில் எழுதிப் பார்த்தேன்:

"லீற்றருக்கு 10 கிராம் உப்புள்ள தட்டில் வைத்த குடம்பிகள் நான்காம் நாள் திடீரென இறக்கத் தொடங்கின. அதுதான் அவற்றின் எல்லை என்று முதலில் எழுதிவைத்தேன். பின்னர் தட்டின் நீரை மீண்டும் அளந்தபோது, வெயிலில் நீர் ஆவியாகி உப்பு 13 கிராமுக்கு ஏறியிருந்தது தெரிந்தது. நான் அளந்தது குடம்பியின் எல்லையை அல்ல, என் கவனக்குறைவை. அதன் பிறகு தினமும் காலையும் மாலையும் உப்பை அளந்து, குறைந்த நீரைக் காய்ச்சி வடித்த நீரால் ஈடுசெய்து, முழுப் பரிசோதனையையும் மூன்று தடவை திரும்பச் செய்தேன்."

ஆய்வுகூட மேசை எழுதியது:

இப்படியே தொடங்குங்கள். "என் கவனக்குறைவை" என்ற வசனத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். திரும்ப அளந்து பார்த்தவர் கவனக்குறைவானவர் அல்ல. அந்த இடத்தில், அதே நாட்களில் ஒப்பிட்டுப் பார்க்க வைத்த நன்னீர்த் தட்டில் எத்தனை குடம்பிகள் இறந்தன என்ற எண்ணிக்கையை எழுதுங்கள். பந்தியை வாசித்து முடித்ததும் நான் தேடியது அதைத்தான். குழுவும் அதையே தேடும்.